ஜெர்மன் புத்தகத்தில் நான் இருக்கும் பக்கம்

மாத்தளையில் மிளகு வியாபாரிகள் பலர் உண்டு. ஜெர்மன் புத்தகத்தில் இடம்பிடித்தவன் நான் ஒருவன்தான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் சாக்குகளுக்கு நடுவில் கற்றது, ஆங்கிலம் உட்பட. எங்கள் தோட்டத்தைப் பார்க்க வந்து சில நாள் தங்கிப்போன ஜெர்மன்காரர் ஒருவர் பயண நூல் எழுதி, அதை ஈமெயிலில் அனுப்பியிருந்தார். ஓர் அத்தியாயம் எங்கள் வீட்டைப் பற்றியது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எங்கள் வீடு என்றால் நான்தானே? யட்டவத்தையிலிருந்து தம்புள்ளைச் சந்தை வரை சொல்லிவிட்டேன்.

பிறகுதான் சிக்கல். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள். மகன், போனிலேயே மொழிபெயர்த்துத் தருகிறேன் என்றான். என் புகழை இன்னொருவன் வாயால் கேட்பதா? நானே வாசிப்பேன் என்றேன். போன் வெளிச்சத்தில் கண்ணில் நீர் வடிகிறது. ஆகவே திரை காகிதம் போலத் தெரியும் மின்னூல் ரீடர் ஒன்று வாங்கக் கண்டிக்குப் போனோம்.

கடைக்காரர் பளபளப்பானதை முதலில் எடுத்தார். தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாம். கிணற்றுக்குள் இறங்கி வாசிக்கும் உத்தேசம் எனக்கில்லை என்றேன். மிளகு வாங்கத் தெரிந்தவன் சாக்கின் மேலே பார்ப்பதில்லை. கையை நடுவில் விட்டு அள்ளுவான். அப்படியே என் புத்தகத்தை ஒவ்வொன்றிலும் ஏற்றச் சொல்லி, நடுப்பக்கம் திறந்து, ஒரு சொல்லில் விரலை வைத்தேன். முதலாவது, ஜெர்மன் சொல்லுக்கு ஜெர்மனிலேயே விளக்கம் சொன்னது. அடுத்தது ஆங்கிலம் காட்டியது. அந்த ஆங்கிலம் தெரியாவிட்டால் அதோடு சரி. கடைசியாக வந்தது பார்க்க அசிங்கம், பக்கம் புரட்டச் சோம்பல். ஆனால் வேண்டிய அகராதியை நாமே ஏற்றலாம்: ஜெர்மன் ஆங்கிலமாகும், ஆங்கிலம் தமிழாகும். மகன் முகம் சுளித்தான். நான் அதைத்தான் எடுத்தேன்.

வீட்டில் சொல்சொல்லாகத் தொட்டு முன்னேறினேன். மழை வந்தது, மிளகு வந்தது, மீன் குழம்பு வந்தது. கறுவாப் பட்டை உரிக்கக் காட்டிக்கொடுத்த கைகள் வந்தன, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகக் கிடைத்த பதில்கள் வந்தன. எல்லாமே என் மனைவி. என்னைத் தேடிக்கொண்டு போனேன். அத்தியாயத்தின் கடைசியில் இருந்தேன்: கணவரும் கூட வந்தார், நிறையப் பேசினார்.

மனைவியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"சும்மா இருங்க. என்னையப் பத்தி யாரு எழுதப் போறா? ஏதோ காரியம் ஆகணும், அதான் பந்தம் புடிக்கிறீங்க."

ரீடரை அவள் கையில் கொடுத்தேன். தயங்கித் தயங்கித் தொட்டாள். தமிழ் வர வர விரல் வேகம் பிடித்தது. முடித்துவிட்டு, மறுபடியும் முதல் வரியிலிருந்து தொட ஆரம்பித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"இதையும் ஊரெல்லாம் சொல்லுவீங்களா?"

சொன்னேன். மறுநாள் கடையில் இருந்த அத்தனை பேரிடமும் சொன்னேன்: அத்தியாயம் என் வீட்டுக்காரியைப் பற்றியது, எனக்கு ஒரு வரிதான். ஒருவரும் நம்பவில்லை.

"இவ்வளவு பேரும் புகழும் வாங்கியும் நம்ம முதலாளிக்கு எவ்வளவு அடக்கம் பாருங்க," என்றார் நாலந்தாவிலிருந்து கிராம்பு கொண்டுவருபவர்.

என்னை அப்படி யாரும் சொன்னதே இல்லை. இல்லை ஐயா, உண்மையாகவே ஒரு வரிதான் என்று மறுத்துப் பார்த்தேன். இன்னும் அடக்கமானவனாகிவிட்டேன்.