நகலின் அடியில் ஒரு சுருக்கொப்பம்

என் மனைவி இறந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் மகள் நிரப்பித் தந்த குடும்ப ஓய்வூதியப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனபோது, அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அவளுடைய பழைய பணிப் பதிவேட்டைப் புரட்டி, முதல் பக்கத்தில் விரலை வைத்தார்.

"சார், வீட்டுக்காரர் பேரு இதுல வேற ஒண்ணுல்ல இருக்கு? அத அடிச்சுட்டு ஒங்க பேர எழுதியிருக்காக. மொதக் கல்யாணம் ரத்தான தீர்ப்பு நகல் ஒண்ணு வேணுமே."

மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் பக்கத்து மேசைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "வீட்ல இருக்கு" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முன் அறைக்குப் போகிறேன், திரும்புகிறேன், எதற்காகப் போனேன் என்று நின்று யோசிக்கிறேன். நகல் இருக்கும் இடம் தெரியும். அவளுடைய டிரங்குப் பெட்டியின் அடியில், பள்ளிச் சான்றிதழ்களுக்குக் கீழே, நீளமான ஒரு பழுப்பு உறையில் இருக்கிறது. அதைப் படிப்பதில்லை என்று திருமணத்துக்கு முன் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுத்ததற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அந்தத் தீர்ப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்திருந்தேன். அது அவளுக்குத் தெரியுமா என்பதுதான் இத்தனை காலமும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஐம்பதுகளின் பிற்பகுதியில், பி.ஏ. முடித்துவிட்டு, ஊரிலிருந்த கோர்ட்டுகளில் ஒன்றின் நகல் பிரிவில் ரீடராகச் சேர்ந்தேன். வேலை எளிமையானது. ஒருவர் நகலைத் தட்டச்சு செய்வார். ரீடர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தக்குறி உட்பட உரக்கப் படிப்பார். எதிரில் அமர்ந்திருக்கும் எக்ஸாமினர் நகலில் விரலை ஓட்டிச் சரிபார்ப்பார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூவரும் வரிசையாகச் சுருக்கொப்பம் இடவேண்டும். நடுவில் இருப்பது ரீடருடையது.

கணவன் வேறொருத்தியைக் கூட்டிவந்துவிட்டான், என்னை விடுவியுங்கள் என்று, பூந்தோட்டங்கள் நிறைந்த அகரம் என்ற ஊரைச் சேர்ந்த பெண் ஒருத்தி போட்டிருந்த வழக்கு அது. மணவாழ்வுக்கு இவள் உடல் ஏற்றதல்ல, அதனால்தான் மறுமணம் செய்தேன் என்று அவன் பதில் தாக்கல் செய்தான். கோர்ட் ஒரு பெண் மருத்துவரின் சான்றிதழைக் கேட்டு வாங்கியது. நீதிபதி நல்ல மனிதர். அந்தப் பெண் சாட்சி சொன்ன இரண்டு நாட்களும் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் செய்தார். கணவன் சொன்னது பொய் என்று தீர்ப்பளித்து அவளை விடுவித்தார். பொய் என்பதை நிறுவுவதற்காக மருத்துவரின் சான்றிதழைத் தீர்ப்புக்குள் முழுமையாக எடுத்தெழுதினார். வென்றவளின் உடலைப் பற்றி இரண்டு பக்கங்கள் அரசாங்கத் தாளில் நிலைத்துவிட்டன.

கோர்ட்டில் சாத்திய கதவு நகல் பிரிவில் கிடையாது. ஏழெட்டு வக்கீல் குமாஸ்தாக்கள் எப்போதும் அங்கே நின்றிருப்பார்கள். நான் சான்றிதழுக்கு வந்ததும் அவர்களில் ஒருவர் மேசையில் கையை ஊன்றினார்.

"ஏப்பா பி.ஏ., மெல்ல ஓட்டு. அந்த எடத்துக்குத் தமிழ்ல என்னா?"

"ஏலே, ஒங்க சோலியப் பாருங்கடா" என்றார் எக்ஸாமினர், வயதில் மூத்தவர். "நீ படி அப்பு."

"சும்மா இருங்கண்ணே. கேட்டா தீர்ப்பு திரும்பிருமா? பி.ஏ.வுக்கே தெரியல போல. இங்கிலீசு மட்டுந்தான் படிச்சுக் குடுத்தாக போல!"

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சொல்லாமல் இருந்திருக்கலாம். மருத்துவரின் நீண்ட ஆங்கிலத் தொடரை இரண்டு தமிழ்ச் சொற்களாக்கிச் சொன்னேன். கச்சிதமாக அமைந்துவிட்டது. அறை முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்க எக்ஸாமினர் மேசையைத் தட்ட வேண்டியிருந்தது. அந்த இரண்டு சொற்களை இங்கே எழுதப் போவதில்லை.

படித்து முடித்துச் சுருக்கொப்பமிட்டு நகலைக் கொடுத்தபோது, வராந்தாவில் காத்திருந்தவர் உள்ளே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அவளுடைய அண்ணன். கையில் பூ பறித்த கறை இருந்தது. வராந்தாவுக்கும் எங்கள் மேசைக்கும் நடுவில் ஒரு சன்னல்தான். அதுவும் திறந்திருந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, என் அக்கா வேலை பார்த்த பள்ளியில் அவள் ஆசிரியையாக இருந்தாள். அக்கா மூலமாகக் கல்யாணப் பேச்சு வந்தது. முதல் நாளே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பரிகாரமாக நினைத்து ஒப்புக்கொண்டேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். அவள் வகுப்பில் பேசுவதை வெளியில் நின்று கேட்டபிறகு ஒப்புக்கொண்டேன் என்பதே உண்மை. ஆனால் நகல் பிரிவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பள்ளித் தோட்டத்தில், அக்கா சற்றுத் தள்ளி நிற்க, அவள் என்னிடம் நேராகவே பேசினாள்.

"நீங்க கோர்ட்டுலதான வேலை பாக்குறீக. எங்க கேசுக்கட்டு அங்கெனதான் கெடக்கும். எங்கிட்டயும் ஒரு நகலு இருக்கு. ரெண்டையும் நீங்க படிக்கக் கூடாது."

"படிக்க மாட்டேன்."

"இனிமே படிக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"இனிமே படிக்க மாட்டேன்."

"அம்புட்டுத்தான். போயி ஒங்க அக்காகிட்டச் சம்மதம்னு சொல்லுங்க. வெயில்ல நிக்கிறாக பாவம்."

அந்த 'இனிமே' பேச்சுவாக்கில் வந்ததா? அன்று கேட்க முடியாததை அதன் பிறகும் கேட்கவில்லை. அதற்குள் நான் வேறு பிரிவுக்கு மாறியிருந்தேன். பதிவறையைக் கடந்து தினமும் போகவேண்டியிருந்தது. வழக்கின் மற்றக் காகிதங்களைக் குறித்த காலத்துக்குப் பின் அழித்துவிடுவார்கள். தீர்ப்பை மட்டும் எந்நாளும் வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லி மனுப் போட்டு நகல் கேட்கலாம். வந்த மனுக்களின் பட்டியலை மாதந்தோறும் ஏதாவதொரு சாக்கில் வாங்கிப் பார்ப்பேன். வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. இருந்தும் அடுத்த மாதமும் பார்ப்பேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் வண்டி வராத நாள். குடங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னாள்.

"கோர்ட்டுக் காயிதம் கைக்கு வந்த வாரமே ஊருக்குள்ள எனக்கு ஒரு பேரு வந்துருச்சு. ரெண்டே வார்த்த. அண்ணனுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். அவருக்குத்தான் மொதல்லயே தெரிஞ்சிருக்கு. இங்கிலீசுலயே கெடந்திருந்தா எங்க ஊருல யாரு படிச்சிருக்கப் போறா? எவனோ தமிழ்ல சொல்லியிருக்கான். படிச்சவனாத்தான் இருக்கணும். அம்புட்டு நறுவிசா இருந்துச்சு."

செய்தித்தாளை இறக்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"என்ன, வெஞ்சனம் ஒண்ணு போதுமா, அப்பளம் பொரிக்கவா?" என்றாள்.

"ஒண்ணே போதும்" என்றேன். அதுதான் நான் சொன்னது. அந்த இடத்தில் சொல்வதற்கு என்னிடம் வேறு இருந்தது.

உறையை நேற்றுக் காலையில் எடுத்தேன். வாக்கை மீறாமல் இருக்க ஒரு வழி செய்துகொண்டேன். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் செய்தித்தாளை வைத்து மறைத்து, அடிப்பகுதியை மட்டும் தெரியும்படி விட்டேன். நான் இட்ட சுருக்கொப்பம் மங்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் மகளுக்கும் அந்த அலுவலகத்துக்கும் முன்னால் என்ன சொல்வது என்று முடிவு செய்ய வேண்டும்.

முதல் பக்கத்தின் அடியில் தட்டச்சு செய்தவருடைய சுருக்கொப்பம் இருந்தது. எக்ஸாமினருடையது இருந்தது. நடுவில் விரல் நகம் அளவுக்கு ஒரு சதுரத் துளை. பூவேலைக்கு வைத்திருந்த சிறு கத்திரியால், பக்கத்து எழுத்தில் படாமல் வெட்டி எடுத்திருந்தாள். இரண்டாம் பக்கத்திலும் அப்படியே. பதினொரு பக்கங்கள், பதினொரு துளைகள். மேலே அவளைப் பற்றி இருந்த எதையும் அவள் தொட்டதாகத் தெரியவில்லை. செய்தித்தாளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன்; அடியில் தாள் எங்கும் வெட்டுப்படாமல் சமமாக இருந்தது.

தாளின் விளிம்புகள் பழுத்திருந்தன. துளைகளின் விளிம்புகளும் அதே அளவுக்குப் பழுத்திருந்தன.

வெட்டிய நகலை எந்த அலுவலகமும் ஏற்காது. புதிய நகலுக்கு மனுப் போடவேண்டும். பதிவறையிலிருந்து தீர்ப்பை எடுப்பார்கள். எப்படிச் சரிபார்த்தாலும் அதை ஒருவர் படித்தாக வேண்டும்.

இன்று காலை போய்ப் படிவத்தைத் திரும்பக் கேட்டேன்.

"ஏன் சார், நகல் கெடைக்கலயா?"

"சேதமாயிருச்சு."

"அதுக்கென்ன, கோர்ட்டுல மனுப் போட்டாப் புதுசு குடுப்பாகளே."

"குடுப்பாங்க" என்றேன்.

அவர் படிவத்தைத் திரும்பப் பெறுவதற்கென்று ஒரு தாளை நீட்டினார். அதில் காரணம் எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. பக்கத்து மேசைக்காரர் மறுபடியும் பேனாவை நிறுத்தியிருந்தார். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுக் கையெழுத்திட்டேன்.