கோவை இலை வாசம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கசங்கிக் கிடந்த கோவை இலையின் வாசம், அதே இலையைத் தேய்த்துக் கரும்பலகையைக் கறுப்பாக்கிய டியூஷன் கொட்டகைக்கு என்னை இழுத்துப்போய்விட்டது. இன்று அங்கே செல்போன் கடை. ராஜகிரி மலையின் நிழல் எங்கள்மேல் சாயும் சாயங்காலங்களில் இரண்டிரண்டு பேராக அல்ஜீப்ரா போடுவோம். ஒருத்தி வாயால் வழி சொல்ல, சாக்பீஸ் பிடித்தவள் தப்பென்று தெரிந்தாலும் பேசாமல் அதையே எழுத வேண்டும்.

இந்த முறையும் கணக்கில் பெயிலானால் கடலை உடைக்கும் மல்லாட்டை மில் வேலைதான் என்று என் ஜோடி கலாவிடம் அவள் நைனா சொல்லியிருந்தார். அன்று கலா வழி சொல்ல வேண்டிய கணக்கு: இரண்டு எக்ஸோடு மூன்றைக் கூட்டினால் பதினொன்று.

"மூணை அந்தாண்ட தள்ளுடி, பதினாலு. எக்ஸ் ஏழு."

உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினேன். கலா வெகுநேரம் பலகையையே பார்த்தாள்.

"ஏழு போட்டா பதினேழுல்ல வருது! மூணைக் கழிக்கணும்டி, எக்ஸ் நாலு! தெரிஞ்சேதான கம்முனு இருந்த, கல்லுளிமங்கி?"

என் முறை வரும்போது அவளும் அப்படித்தான் காத்திருப்பாள். கலா பாஸானாள், மில்லுக்கும் போகவில்லை, ஊரிலும் தங்கவில்லை. இப்போது நான் தடுமாறினால் ஆளாளுக்கு விடை சொல்கிறார்கள். என் தப்பு எனக்கே தெரியும்வரை பக்கத்தில் பேசாமல் நிற்கத்தான் யாருமில்லை.