மாமாவுக்குப் போட்ட சைபர்

எங்கள் வீட்டில் காய்கறிகளுக்குப் பெயர் வைத்த பிறகுதான் குழம்பு வைப்பார்கள். கத்தரிக்காய் ஏ, வெண்டைக்காய் பி, ஒரு முருங்கைக்காயை மூன்றாக ஒடித்தால் சி, டி, இ. அடுப்படித் தரையில் இவர்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பி-க்கும் டி-க்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் அடுத்தடுத்து உட்கார மாட்டார்கள்; சி எப்போதும் ஏ-க்குப் பக்கத்தில்தான் இருக்கும்; அப்படியானால் இ-யின் வலப்பக்கம் யார் என்று என் அக்கா குத்தவைத்து உட்கார்ந்து யோசிப்பாள். அம்மா வந்து பி-யை எடுத்து நறுக்கிவிடுவாள். "உன் பரிச்சைக்காக உலை காத்துக்கிட்டு இருக்குமா" என்பாள். பி இல்லாமலே அக்கா விடையைச் சொல்லிவிடுவாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருப்பரங்குன்றத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. நான் ஐந்தாம் வகுப்பு. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வங்கி வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை எழுதியும் வரவில்லை. அவளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. கேள்வித்தாளின் ஆங்கிலத்தைப் பிரித்துப் புரிந்துகொள்வதற்குள் நேரம் ஓடிவிடுகிறது என்றாள். கேள்வி தனக்குள் தமிழில் ஓடினால் வேகம் வந்துவிடும் என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். புத்தகத்தில் உள்ள கேள்விகளைத் தமிழாக்கி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவாள். நான் அதைப் படிக்க வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பதில் சொல்வாள். நான் முப்பது வரை எண்ணுவேன். அதற்குள் சொன்னால் பத்து மார்க், ஒன்று தாண்டினாலும் சைபர். பத்து மார்க் என்பது நான் வைத்த சட்டம்.

அவள் யோசிக்கும் விதம் எனக்கு அதிசயமாக இருக்கும். "எதுவா இருக்கும்னு தேடாத. எதெல்லாம் இல்லைன்னு பாரு" என்பாள். ஒரு தீபாவளிக்கு டின்னில் வைத்திருந்த அதிரசத்தில் நாலு குறைந்தது. அம்மா பூனையைத் திட்டிக்கொண்டிருந்தாள். அக்கா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே பேசினாள். "அப்பாவுக்குப் பல்வலி, கடிக்க முடியாது. அம்மா, நீ விரதம். பூனை எடுத்தா மூடியத் திரும்பப் போடாது." என் தலையில் குட்டு விழுந்தது. வலித்தது உண்மைதான், ஆனாலும் மறுநாள் பள்ளிக்கூடத்தில் அக்காவின் புத்தியைப் பற்றி எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். அதிரசம் எடுத்த ஆளை மட்டும் மாற்றிச் சொன்னேன்.

ஏ முதல் இ வரைக்கும் எல்லோரும் மாமாவின் சாக்கிலிருந்து வந்தவர்கள். மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. பரவைச் சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் மோட்டார் சைக்கிளில் ஒரு சாக்குக் காயோடு வந்து, மத்தியானம் எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் போவார். அக்காவை மாமாவுக்குத்தான் கொடுப்பது என்று அக்கா பிறந்த அன்றைக்கே முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவது வழக்கம். கட்டினால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், கட்டாவிட்டால்தான் கேட்பார்கள். சின்ன வயதில் அக்கா அவருடைய மோட்டார் சைக்கிள் டேங்கில் உட்கார்ந்து ஊர் சுற்றியவள். வயதுக்கு வந்த பிறகு அவர் முன்னால் வருவதை நிறுத்தினாள். அவர் வந்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். தண்ணீர் வேண்டுமா, மோர் வேண்டுமா என்பதெல்லாம் என் வழியாகத்தான் போய்வரும்.

அந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிசம் போடுவதாக நாள் குறித்தார்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. பத்து நாள் கழித்துத் தபால்காரர் அக்காவின் ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பரீட்சையும் அதே ஞாயிற்றுக்கிழமைதான்.

"பரிச்சை அடுத்த வருசமும் வரும். நல்ல நாள் வருமா?" என்றாள் அம்மா. பரிசம் போட்டு, தாலி கட்டி, கமிஷன் கடை வீட்டுக்குப் போன பிறகு அடுத்த வருஷம் எந்தப் பரீட்சை என்று யாரும் கேட்கவில்லை. அப்பா செய்தித்தாளை விரித்து அதற்குப் பின்னால் போய்விட்டார். குடும்பத்தில் எது நடந்தாலும் அவர் முதலில் அங்கேதான் போவார். அக்கா அழவில்லை, வாதாடவும் இல்லை. இரண்டு நாள் காய்கறி எதுவும் இல்லாமல் சும்மா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஏதோ பெரிய கணக்குப் போடுகிறாள் என்று நினைத்து நான் சத்தம் போடாமல் நடந்தேன்.

பரிசத்துக்கு முந்திய ஞாயிறு. காலையிலேயே அக்கா நோட்டை என்னிடம் கொடுத்தாள். ஒரு பக்கத்தில் ஹேர்பின் சொருகியிருந்தது. "மாமா சாப்பிட உக்காந்ததும் இந்தப் பக்கத்துலருந்து கேளு. அவருக்கும் மூளை இருக்கான்னு பாப்போம்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்களுக்கு மார்க் போடும் பாக்கியம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்குமா?

மாமா இலை முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். ஒரு வரிசையில் ஒருவன் முன்னாலிருந்து ஏழாவது, பின்னாலிருந்து பன்னிரண்டாவது, மொத்தம் எத்தனை பேர்? பத்தொன்பது என்பார், மடக்கலாம் என்று காத்திருந்தேன். "பதினெட்டு. அவனை ரெண்டு தரம் எண்ணக் கூடாதுல்ல. சந்தையில மூட்டை எண்ணுறவன் தாயி நான்" என்றார். பத்து மார்க் போட்டேன். திசைக் கணக்குக் கேட்டேன். அதற்கும் பத்து. அப்பா செய்தித்தாளை இறக்கிவிட்டுச் சிரித்தார். "மாப்ள, நீயே போய்ப் பரிச்சை எழுதிரு" என்றார்.

மூன்றாவது கேள்வியைப் படித்தேன். "ஓர் ஆளைக் காட்டி ஒரு பெண் சொல்கிறாள்: இவருடைய அம்மாவுக்கு ஒரே மகள், அந்த மகள்தான் என் அம்மா. அப்படியானால் அந்த ஆள் அவளுக்கு என்ன உறவு? தகப்பன், தாய்மாமன், கணவன், அண்ணன்."

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே சிரித்தாள். "இதுல யோசிக்க என்னடி இருக்கு? மாமன்தான் புருசன்."

மாமா சிரிக்கவில்லை. கை இலையில் அப்படியே நின்றது. நான் எண்ண ஆரம்பித்திருந்தேன். பத்து, பதினொன்று. அவர் என்னைப் பார்க்கவில்லை, அடுப்படிக் கதவைப் பார்த்தார்.

"புத்தகத்துல என்ன போட்டுருக்கு?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லக் கூடாது என்பது சட்டம். கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "தாய்மாமன்னு போட்டுருக்கு மாமா."

அம்மா திரும்பிப் பார்த்தாள். அக்கா அவரிடம் நேராகப் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"நம்ம வீட்டுக்கு ரெண்டும் சரியாத்தான வரும்?" என்றார் மாமா.

"வரும். ஆனா ஒண்ணைத்தான் குறிக்க விடுவாங்க. ரெண்டு குறிச்சா உள்ளதும் போயிரும்."

நான் ஐம்பதைத் தாண்டியிருந்தேன். பக்கத்தில் ரயில் ஒன்று கடந்து போனது. பிறகு மாமா, "அப்ப தாய்மாமன்னே குறிச்சிரு" என்றார்.

"எண்பத்தி மூணு" என்று நான் கத்தினேன். "விடை சரி. ஆனா நேரம் முடிஞ்சுபோச்சு மாமா, சைபர்தான்."

"சரி தாயி. சைபரே போட்டுக்க" என்றார். நான் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் மாமா என்று எழுதி, கொழுக்கட்டை அளவுக்கு ஒரு சைபரைப் போட்டேன். மோர்ச்சோறு சாப்பிடாமல் மாமா எழுந்ததே கிடையாது. அன்றைக்கு ரசத்தோடு இலையை மடித்துவிட்டார்.

கை கழுவிவிட்டு வந்து அம்மாவிடம், "அந்த ஞாயித்துக்கிழமை எனக்குத் தோதுப்படாதுக்கா" என்றார். அடுத்த முகூர்த்தத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றாள் அம்மா. "அதுவும் தோதுப்படாது. எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம். காலேசு படிச்ச பிள்ளைய வச்சுக்கிட்டு நான் சந்தையில என்ன பண்ண? கணக்குக் கேட்டே கொன்னுருவா." கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சிரிப்பு சரியாக வரவில்லை.

அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். இருபது வருஷமாக ஆசை காட்டி மோசம் செய்தாயே என்றாள், பணம் சேர்ந்ததும் திமிர் வந்துவிட்டது என்றாள், சொல்லக் கூடாததெல்லாம் சொன்னாள். அப்பாகூட, "என்ன மாப்ள இது, ஊர்ல எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்று குரலை உயர்த்தினார். மாமா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.  அக்காவின் பெயரை எடுக்கவே இல்லை.

என் நிலைமைதான் மோசம். நான் போட்ட சைபரால்தான் மாமாவுக்குக் கோபம் வந்து கல்யாணம் நின்றுபோனது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே சொன்னால் அம்மா தோலை உரித்துவிடுவாள் என்று ஒரு வாரம் வாயைத் திறக்காமல் திரிந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை தெருமுனையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அக்காவைப் பரீட்சைக்குக் கூட்டிப்போக மாமா வந்திருந்தார். அம்மா அவரை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. அக்கா ஹால் டிக்கெட்டும் சீவிய பென்சில் இரண்டும் எடுத்துக்கொண்டு கிளம்புவதற்குள் நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, வேணும்னா அஞ்சு மார்க் போட்டுத் தாரேன். அக்காவ வேணாம்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கங்க."

 மாமா என் தலையில் கை வைத்து, "மார்க்குல இரக்கம் காட்டக் கூடாது தாயி. சைபர்னா சைபர்தான்" என்றார். அக்கா வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். அவள் முந்தானை சக்கரத்தில் சிக்கிவிடாமல் இழுத்துச் சொருகச் சொன்னார். வண்டி போய்விட்டது. மூன்று மணி நேரமும் பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசலில் வெயிலிலேயே நின்றாராம். வெகுநாள் கழித்து அக்கா சொன்னாள்.

அந்தத் தடவை அக்காவுக்கு வேலை கிடைத்தது. அவளைப் போல் தர்க்கக் கணக்குப் போடும் ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை, கிடைக்காவிட்டால்தான் ஆச்சரியம். மாமாவை ஊரில் எல்லோரும் பேசினார்கள். அக்காள் மகளை உதறிய ஆள் என்று பெயர் வந்து, அவருக்குப் பெண் அமையவே மூன்று வருஷம் ஆனது. அக்கா தன்னோடு வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டபோது தாய்மாமன் சீரை ஒரு குறையில்லாமல் கொண்டுவந்து இறக்கியவரும் அவர்தான். அன்றும் அம்மா ஜாடையாகக் குத்திப் பேசினாள். அவர் பந்தியில் காய் பரிமாறிக்கொண்டிருந்தார்.

பத்து வருஷம் கழித்து நானும் அதே பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தேன். அக்கா தன் பழைய புத்தகத்தையும் நோட்டையும் அனுப்பிவைத்தாள். புத்தகத்தில் உறவுமுறைக் கணக்குகள் மொத்தம் அறுபது. மாமாவை மடக்கிய அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் போட்டுப் பார்க்கலாம் என்று தேடினேன். அறுபதிலும் அது இல்லை. முன்பின் புரட்டினேன், அட்டையிலிருந்து அட்டை வரை பார்த்தேன். மாமனையும் கணவனையும் ஒரே கேள்விக்கு விடையாக வைத்த கணக்கு அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை.

நோட்டில் மட்டும் இருந்தது, அக்காவின் கையெழுத்தில். மற்ற பக்கங்களில் கிறுக்கலாக ஓடும் அவள் எழுத்து அந்த ஒரு பக்கத்தில் மட்டும் நிறுத்தி நிதானமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்றவளும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரும் தங்கள் வாழ்க்கையைப் பேசி முடித்துக்கொண்டிருக்க, நடுவில் நின்று நான் ஒன்று, இரண்டு என்று எண்ணியிருக்கிறேன். பக்கத்தில் என் கொட்டை எழுத்தில் மாமா என்ற பெயரும் அந்தச் சைபரும் அப்படியே இருந்தன. சைபருக்கு முன்னால் யாரோ பென்சிலால் ஒரு ஒன்று போட்டிருந்தார்கள். யார் என்று கண்டுபிடிக்க எனக்கு முப்பது எண்ண வேண்டியிருக்கவில்லை.