கற்பு என்றால்

பரமத்தி வேலூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் இறக்கியிருந்த வெற்றிலைக் கூடையில் ஒருவர் தண்ணீர் தெளித்தார். எழுந்த பச்சை வாசனை அம்மாவின் கைகளுடையது.

பகலெல்லாம் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிவிட்டு, சாயங்காலம் அம்மா டுட்டோரியலுக்குக் கிளம்புவாள். கல்யாணத்தால் நின்றுபோன பத்தாம் வகுப்பை எழுதிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எத்தனை முறை கை கழுவினாலும் அவள் புத்தகத்தில் வெற்றிலை மணக்கும். அப்பாவுக்குச் சம்மதம்தான். ஊர் பேச ஆரம்பித்ததும், அப்பாவைப் பெற்ற அப்பாரு ஒருநாள் வாசலில் நின்று அவளைத் தடுத்தார்.

"பொம்பளைக்குக் கற்புதான் முக்கியம். படிப்பெல்லாம் வேண்டாம்."

அம்மா அவரை எதிர்த்துப் பேசியதே இல்லை. அன்றும் குரல் உயரவில்லை.

"நேத்துத்தான் வாத்தியார் சொன்னாருங்க மாமா. கல்லுன்னா கத்துக்கறதுங்களாம். அதுலருந்துதான் கல்வியும் வந்துச்சாம், கற்பும் வந்துச்சாம். நல்லதைக் கத்துக்கிட்டு அதும்படி நடக்கறதுதான் கற்பாமுங்க. அப்ப நான் படிக்கப் போறது தப்புங்களா?"

அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. அப்பாரு உள்ளே போய்த் தன் டார்ச் லைட்டை எடுத்துவந்து அவளிடம் நீட்டினார்.

"திரும்பி வாரப்ப இருட்டிப்போயிரும். பாத்து வா சாமி."

அதுவரை அவர் மருமகளைச் செல்லமாகச் சாமி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.