இழுப்பறைக்குள் நான் எழுதிய பெயர்

நான் கள்ளக் கையெழுத்துப் போட்டவள். அதுவும், பிறக்கவே பிறக்காத ஒருவருடைய கையெழுத்தை!

சிரிக்காதீர்கள். பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் உபாத்தியாயினி நான். பொய் சொன்ன பிள்ளையைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துகிறவள். என்னை எதன்மேல் ஏற்றி நிறுத்துவது... நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் அப்பா மிஷன் பங்களாவில் கணக்கெழுதியவர். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் அவருக்கு ஒரு மேசையைக் கொடுத்துவிட்டுப் போனார். மேசை என்றால் வெறும் மேசையா! மேலே கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி. நடுவில் ஒரு சாய்வுப் பலகை. அதைத் திறந்து இறக்கினால் எழுதுமிடம். கீழே மூன்று இழுப்பறைகள். எல்லாவற்றுக்கும் பித்தளைப் பூட்டு.

அப்பா இறந்தபின் அது எனக்கும் சாமுவேல் அண்ணனுக்கும் பொதுவாயிற்று. என் புத்தகங்கள் அதில்தான் இருந்தன. அந்த வீட்டில் நான் பூட்டித் திறக்கக்கூடியதாக இருந்தது அது ஒன்றே. அண்ணனுக்கோ வேறு கனவு.

“ஏளா, இத வித்துட்டா நான் கொழும்புக்குப் போயி கடை போட்டுருவேன். தூத்துக்குடியில கப்பல் ஏறினா மறுநாள் கொழும்பு. மரத்த வச்சிக்கிட்டு என்ன செய்யப் போற?” என்றான்.

அன்றே வாயைத் திறந்து, வேண்டாம் அண்ணே என்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பான்... கேட்கக்கூடிய மனுஷன்தான். அதுதான் என்னை இன்றும் அறுக்கிறது!

அண்ணன் மதராஸிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரை வரவழைத்தான். ஏலக் கம்பெனிக்காரர். அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். பூதக்கண்ணாடியால் மேசையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார், தட்டினார், ஓர் ஓரத்தை நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

“சந்தேகமே இல்லை. மகாகனி மரம். லண்டன் வேலை. நூற்றைம்பது வயசுக்குக் குறையாது. ஐந்நூறு ரூபாய்க்கு நானே ஆள் கொண்டுவருவேன். சாப்பிட்டுவிட்டு உள்ளே பார்த்து எழுதித் தருகிறேன்.”

அண்ணன் முகத்தில் கொழும்பே தெரிந்தது!

அவர் எங்கள் வீட்டு மீன்குழம்பை மூன்று முறை வாங்கி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் குறட்டை விட ஆரம்பித்தார். அண்ணன் பனையோலை விசிறியால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில்தான் நான் அதைச் செய்தேன்.

உள் அறைக்குப் போய் அடி இழுப்பறையை உருவினேன். அதன் பின்பக்கப் பலகையில் பென்சிலால் எழுதினேன்: ‘இசக்கிமுத்து ஆசாரி வேலை, பாளையங்கோட்டை.’ விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்து, பழசாகத் தெரியட்டும் என்று மேலே லேசாகத் தேய்த்தேன்.

ஏன் அந்தப் பெயர்? தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர் அது. எல்லாருக்கும் உள்ள பெயர் யாரையும் குறிக்காது என்று நினைத்தேன். படித்த முட்டாள்!

மதிப்பீட்டாளர் எழுந்து வந்தார், இழுப்பறையை உருவினார், படித்தார். பிறகு அதே மரத்தை அதே மூக்கால் மறுபடி முகர்ந்தார்.

“நான் முதலிலேயே சந்தேகப்பட்டேன். உள்ளூர்த் தோதகத்தி மரம். நாற்பது ரூபாய் போகும்” என்றார்.

அண்ணன் கையிலிருந்த விசிறி அப்படியே தொங்கிற்று. அவன் கொழும்புக்குப் போகவில்லை. ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். இன்றும் பிறருடைய மனுக்களை எழுதிக்கொண்டிருக்கிறான்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு பாவத்தோடு போயிருக்கும். மறுவாரம் வாசலில் ஒருவர் வந்து நின்றார். சுடலையாண்டி ஆசாரி. கூடவே அவருடைய வயதான தாயார்.

“டீச்சரம்மா, எங்க தாத்தா இசக்கிமுத்து ஆசாரி செஞ்ச மேசை இங்கன இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லுதாவ. ஒரு தடவ கண்ணால பாத்துட்டுப் போயிருதோம்.”

அண்ணனே இழுப்பறையை உருவிக் காட்டினான். கிழவி அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள்.

“லே சுடல, எங்க மாமனாரு கைநாட்டுல்லா வைப்பாரு? எழுத்து எப்பம்லே படிச்சாரு?”

ஆசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நமக்குத் தெரியாமப் படிச்சிருப்பாருத்தா. பெரிய மனுசன்லா!”

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அந்தக் கிழவி மேசைக்குமுன் விழுந்து கும்பிட்டபிறகு எந்த வாயால் சொல்வது... நீங்கள் என்றால் சொல்லியிருப்பீர்களா?

லண்டன் வேலையென்று மதராஸ்காரரே ஏமாறும்படி வேலை செய்தவரின் பேரன் என்று சுடலையாண்டிக்குப் பெயர் பரவிற்று. திருநெல்வேலி வக்கீல்களெல்லாம் அவரிடமே மேசை செய்யச் சொன்னார்கள். அவர் திருச்செந்தூருக்குப் போய்வரும்போதெல்லாம் எங்களுக்குப் பன்னீர் இலை விபூதி கொண்டுவருகிறார். கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் அதை என்ன செய்வது? அண்ணன் பயபக்தியோடு அந்த இழுப்பறையிலேயே வைக்கிறான்.

அண்ணனைப் பற்றிக் கேட்கிறீர்களா? அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் மேசையைத் திறந்து காட்டுகிறான். மாலை முழுவதும் அவன்தான் அதில் உட்கார்ந்திருக்கிறான். நான் அடுப்படியில் முக்காலி போட்டுப் படிக்கிறேன்.

அது உண்மையில் லண்டன் மேசைதானா? எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வழியையும் நானே அடைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்தேன். சுடலையாண்டி ஆசாரி எனக்காகக் காத்திருந்தார். கையில் மசிக்கூடு.

“தாத்தா எழுத்து மங்கிக்கிட்டே வருது டீச்சரம்மா. ஒங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு சாமுவேல் அண்ணாச்சி சொன்னாவ. அது மேலயே பைய எழுதித் தந்துருங்க. அழிஞ்சிறப்பிடாது.”

மறுக்க ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. இழுப்பறையைக் கவிழ்த்து, மண்டியிட்டு, ஒவ்வோர் எழுத்தாக மசியால் எழுதினேன்.

ஆசாரி குனிந்து பார்த்தார். “அச்சு அசலா அவரு எழுத்தேதாம்மா!” என்றார்.

அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, மசி கலைந்துவிடாமல் பைய ஊதி ஊதிக் காயவைத்தான்.