எண்பத்தோராவது நிமிடம்

அவர் திரைக்கு முதுகைக் காட்டி உட்காருவார். பத்தொன்பது ஆண்டுகளில் முந்நூறு படங்களுக்கு மேல் ஓடி முடிந்திருக்கின்றன அவர் முதுகுக்குப் பின்னால். ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பார்த்தவர்களை.

படம் வெளிவருமுன் தயாரிப்பு நிறுவனம் நூற்றிருபது பேரை அழைத்துப் போட்டுக் காட்டும். பத்து வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு பேர். முன்வரிசைக்கும் திரைக்கும் நடுவே ஒரு மடக்கு நாற்காலியில் அவர் உட்காருவார். மடியில் ஒரு பலகை, அதில் நிமிடத்துக்கு ஒரு கோடு போட்ட தாள், மணிக்கட்டில் சின்னச் சிவப்பு விளக்கு. ஒரு வரிசையில் பாதிப் பேர் சிரித்தால் ஒரு டிக். போனை எடுத்தால் பெருக்கல் குறி. எழுந்து போனால் வட்டம். கைக்குட்டை கண்ணுக்குப் போனால் ஒரு புள்ளி. படம் முடிந்ததும் வாசலில் நின்று எல்லோருக்கும் கருத்து அட்டை கொடுப்பார். அதனால்தான் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அட்டை அக்கா.

"படம் எப்படின்னு கேக்கவே கூடாது. கேட்டா எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. பாவம், ஓசில பாத்துட்டு எப்படித் திட்டுவாங்க?" என்பார்.

அவர் கேட்பது இரண்டே கேள்வி. பிடித்த இடம் எது? எந்த இடத்தில் எழுந்து போகத் தோன்றியது?

மழை பெய்த ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது அந்தச் சரித்திரப் படம். ஒரு மல்யுத்தப் பள்ளி. உருப்படாத ஏழு மாணவர்கள். அரசனின் படைக்கு ஆள் போதாமல் அவர்களையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். முதல் பாதி முழுக்க விழுவதும் புரள்வதும் சிரிப்புமாகப் போகும். பிறகு உண்மையாகவே போர் வந்துவிடும்.

மழையில் கூட்டம் வரவில்லை. தயாரிப்பு மேலாளர் வாசலில் நின்று கத்தினார்: "அக்கா, பாதி ஹால் காலி! எங்கேயிருந்தாவது ஆளைப் புடிச்சு உக்கார வைங்க."

சொந்தக்காரர்களை உள்ளே விடக் கூடாது என்பது அக்காவே போட்ட விதி. ஆனால் நேரம் இல்லை. பக்கத்துக் கடைகளிலிருந்தும் பேருந்து நிறுத்தத்திலிருந்தும் ஆட்களைக் கூட்டிவந்தும் ஓர் இருக்கை மிஞ்சியது. இரண்டு தெரு தள்ளி வீட்டில் சும்மா இருந்த அண்ணனைப் போனில் கூப்பிட்டார்.

அண்ணனுக்கு அறுபத்து மூன்று வயது. இளமையில் ஆறு ஆண்டு ராணுவத்தில் இருந்தார், ஒரு போரையும் பார்த்தார். அண்ணி காலமான பிறகு தங்கை வீட்டு முன்னறையில் இருக்கிறார். குடை இல்லாமல் நனைந்தே வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

எண்பத்தோராவது நிமிடத்தில் அரங்கில் முரசு அதிர்ந்தது. ஒருவர் குரலும் கேட்கவில்லை. அக்கா முகங்களைப் பார்த்தார். வாய்கள் திறந்திருந்தன, தோள்கள் குலுங்கின. மூன்றாவது வரிசையில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உடம்பெல்லாம் குலுங்கினார். வீட்டில் பட்டாளத்துக் கதை சொல்லும்போது அவர் இப்படித்தான் குலுங்குவார். கைக்குட்டை ஒன்றும் வெளியே வரவில்லை. அக்கா ஏழு வரிசைக்கு ஏழு டிக் போட்டார்.

வழக்கம்போல் படம் முடிந்த கையோடு மேலாளரிடம் எண்களைச் சொன்னார்.

"எண்பத்தொண்ணுல சிரிச்சாங்களா?" மேலாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அக்கா, அது சோக சீன். கடைசிச் சண்டைக்கு முன்னாடி ஜனம் சிரிச்சிட்டா படம் அவ்ளோதான். திங்கக்கிழமை எடிட்டர்கிட்ட சொல்லித் தூக்கிடறேன்."

"சரி சார்" என்றார் அக்கா. அவர் சொல்லித் தூக்கிய காட்சிகள் ஏராளம். அது அவர் வேலை.

மாலையில் சாப்பாட்டு மேசையில் அட்டைகளைப் பரப்பினார். கருத்துகள் இரண்டாகப் பிளந்து கிடந்தன. 'சிரிக்க வைத்துவிட்டு எல்லோரையும் கொன்றுவிட்டார்கள், மோசடி.' 'போரில் என்ன நகைச்சுவை? வெட்கமாக இல்லையா?' 'சண்டை அருமை, அழுகை எதற்கு?' 'இரண்டு படத்துக்கு ஒரே டிக்கெட்.' ஒருவர் பிடித்த இடம் என்ற கட்டத்தில் 'இடைவேளை' என்று எழுதியிருந்தார். இதெல்லாம் அக்காவுக்குப் பழக்கம்தான். ஆனால் முப்பது அட்டைகள் ஒரே காட்சியைப் பேசின, ஒன்றிலும் சிரிப்பு என்ற சொல் இல்லை. 'அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது மூச்சே நின்றது' என்று ஒருவர். இன்னொருவர்: 'பதில் சொன்ன இடம்.'

கடைசியாக அண்ணனின் அட்டை வந்தது. பிடித்த இடம்: பேர் கூப்பிட்டது. எழுந்து போகத் தோன்றிய இடம்: பேர் கூப்பிட்டது.

அக்கா முன்னறைக்குப் போனார். "அண்ணா, அந்த எடத்துல அப்படி என்ன சிரிப்பு உனக்கு?"

"யாரு சிரிச்சா?"

"நீதான். நான் பாத்தேனே."

"நல்லாப் பாத்த போ. இந்தக் கண்ணுக்கா சம்பளம் தர்றாங்க?"

அக்கா நகரவில்லை. அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"அந்தக் குண்டுப் பையன் இருக்கான்ல, பேர் கூப்பிட்டா எப்பவும் லேட்டாத்தான் பதில் சொல்லுவான். முதல் நாள் சண்டையில செத்துப் போயிடறான். மறுநாள், கூடவே வந்த வாத்தியார் பழக்கத்துல அவன் பேரையும் கூப்பிட்டுடறாரு. மிச்சம் ஆறு பேரும் கொஞ்சம் லேட்டா, அவன் குரல்லயே, 'இருக்கேன்'ங்கறானுங்க."

"ம்."

"நாங்களும் அப்படித்தான். எங்க ஆள் ஒருத்தனுக்கு மூணு நாள் பதில் சொன்னோம். அதுல ஒரு சாப்பாடு கூட வந்துச்சு."

அந்தக் கூடுதல் சாப்பாட்டுக் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மேலதிகாரியை ஏமாற்றி ஒரு பொட்டலம் அதிகம் வாங்கிய கதை. முப்பது ஆண்டுகளாக அண்ணன் அதைக் குலுங்கக் குலுங்கச் சொல்லியிருக்கிறார், வீடே விழுந்து சிரித்திருக்கிறது. அந்தப் பொட்டலம் யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. அக்காவும்தான்.

"அதை யாரும் தின்னல" என்றார் அண்ணன். "போய் வேலையைப் பாரு."

அக்கா மேசைக்குத் திரும்பி, தாளை எடுத்து, ஏழு டிக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்படியே விட்டால் காட்சி போய்விடும், யாருக்கும் தெரியாது. சொன்னால் விதியை மீறியதும் வெளியே வரும், பத்தொன்பது ஆண்டுப் பெயரும் போகும்.

திங்கட்கிழமை காலை எடிட்டருக்கு முன்பே மேலாளர் அறையில் நின்றார். "சார், எண்பத்தொண்ணு நான் தப்பாப் போட்டேன். முரசுல ஒண்ணும் கேக்கல. தோளை மட்டும் பாத்துப் போட்டுட்டேன். அவங்க அழுதிருக்காங்க. அதுல ஒருத்தர் என் கூடப்பொறந்த அண்ணன்."

மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அண்ணனையே தெரியலைன்னா, மத்த படத்துல எல்லாம் என்ன போட்டீங்க?" என்றார்.

முந்நூறு படங்கள். முரசு ஓங்கிய நிமிடங்கள் எத்தனை, தூக்கிப் போட்ட காட்சிகள் எத்தனை என்று அவருக்கே தெரியாது.

"எனக்குத் தெரியல சார். இன்னொரு தடவை போடுங்க. நீங்களே என் பக்கத்துல வந்து உக்காருங்க."

"நானா? எனக்கு வேற வேலை இல்ல?"

ஆனாலும் புதன்கிழமை மதியம் அவர் வந்தார். திரைக்கடியில் இரண்டாவது மடக்கு நாற்காலி போடப்பட்டது. முதல் முக்கால் மணி நேரம் மேலாளர் உற்சாகமாக இருந்தார். "அஞ்சாவது வரிசை, டிக் போடுங்க! போடுங்க!" என்று அக்காவின் முழங்கையை இடித்தார். போர் வந்ததும் அடங்கினார். திரை வெளிச்சத்தில் முகங்கள் சிவந்தன, பிறகு நீலமாயின.

முரசு அதிர்ந்தது. நான்காவது வரிசையில் ஓர் ஆள் வாயைப் பிளந்து, பல் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்துக் குலுங்கினார். பக்கத்தில் இருந்த பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்களுக்குப் பின்வரிசையில் இருவர் நிச்சயமாகச் சிரித்தார்கள். அடுத்த நொடியே நிறுத்தினார்கள். ஒரு கிழவர் எழுந்து நின்றார், போகவில்லை, அப்படியே நின்றார்.

மேலாளர் அக்காவின் காதருகே குனிந்தார். "அந்தாளு என்ன பண்றான்? சிரிக்கிறானா?"

"நீங்களே சொல்லுங்க சார். என்ன போடட்டும்?"

மேலாளர் நான்காவது வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நிமிடம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது.

"எதுவும் போடாதீங்க" என்றார்.

தாளில் எண்பத்தோராவது கோடு வெறுமையாக எடிட்டரிடம் போனது. காட்சி படத்தில் இருக்கிறது.