கறுப்பு எலிக்குப் பெண் கேட்டுப் போன கதை

எலி வளர்க்கிறேன் என்றால் மாத்தளைச் சனம் முதலில் முகம் சுளிக்கும், அடுத்த நிமிடமே "வெள்ளை இருக்கா?" என்று கேட்கும். நிறமும் கோடும் பார்த்து ஜோடி சேர்க்கும் இந்த வேலையில் எலிகள் என்னை அவ்வளவாகக் கடித்ததில்லை. வாங்க வருகிறவர்கள் கடித்திருக்கிறார்கள். கிளியோ மீனோ வளர்த்து விற்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தாத்தாவின் நிறம்

கலேவெலயிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இருவரும் நல்ல கறுப்பு. மனைவியின் இடுப்பில் சிவந்த நிறத்தில் ஒரு குழந்தை. கறுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று வேண்டுமாம், சேர்த்து வைத்தால் சாம்பல் குட்டி வருமாம். "இது பால் தேத்தண்ணி இல்லைங்க, கலந்தவுடனே நிறம் மாறுறதுக்கு" என்றேன். சாம்பல் தாத்தாவிடமிருந்து வரும். இரண்டு கறுப்புக்குள்ளும் அது ஒளிந்திருந்தால், நாலு குட்டியில் ஒன்று சாம்பலாகப் பிறக்கலாம். கான்வென்ட் சிஸ்டர்மார் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்த அதே அதட்டலோடு விளக்கினேன். கணவர் தலையாட்டினார். மனைவி குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மிஸ், இதை அப்படியே எங்க மாமிக்கு ஒருக்கா சொல்லிடுங்க."

நேர்கோடு

என் எலிகளுக்குத் தலை ஒரு நிறம், உடம்பு வெள்ளை, முதுகில் வால்வரை தலையின் நிறத்திலேயே ஒரு கோடு; கறுப்பு, சாம்பல் என்று நான் சொல்வது அந்த நிறத்தைத்தான். அந்தக் கோடு நேராக இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கோடு உடைந்தவனையும் நெளிந்தவளையும் ஒதுக்கி, மிச்சத்தை அப்பன் ஆத்தா பெயரோடு கொப்பியில் எழுதுவேன். ஒரு மணித்தியாலமாகப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் பேப்பரை மடித்தார்.

"நம்ம கல்யாணத்துக்கு உங்க வீட்ல இதுல பாதி பார்த்திருந்தா நீ தப்பிச்சிருப்ப."

என்ன முறை?

என்னிடமிருந்த ஒரே சாம்பல் எலி செத்துப்போனது. அவன் நிறம் ஒளிந்திருப்பது இப்போது இரண்டு கறுப்புப் பிள்ளைகளிடம் மட்டும்: என் வீட்டு ராஜன், அலுவிகாரை டீச்சர் ஒருவருக்கு நான் விற்றுத் தொலைத்த ராணி. அப்பன் ஒருவன், தாய்மார் வேறு. வேறு பெண் பார்த்தால் சாம்பல் வெளியே வரப் பேரப்பிள்ளைக் காலமாகும். எலிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம்; என் பொறுமைக்கு அதைவிடக் குறைவு.

ராணியைப் பெண் கேட்க, ராஜனைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். டீச்சர் தேத்தண்ணி வைத்துவிட்டு, கூடையிலிருந்து நீட்டிய அவன் தலையைப் பார்த்தார். "மாப்பிள்ளை இவ்வளவு கறுப்பா?" ராணியின் தலை அவனுடையதைவிட ஒரு படி கறுப்பு. பல்லைக் கடித்துக்கொண்டேன். "சரி, ரெண்டு பேரும் என்ன முறை?" பொய் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். கான்வென்டில் படித்த பாவம், உண்மை வந்துவிட்டது. டீச்சர் ராணியின் கூட்டை என் பக்கத்திலிருந்து மெல்ல நகர்த்தினார்.

"அண்ணனுக்கே தங்கச்சிய கட்டிவைக்கிற வீட்டுக்கு எங்க புள்ளய குடுக்க மாட்டோம். நீங்க தேத்தண்ணிய குடிங்க."

டீச்சரின் போன்

இரண்டு மாதம் கழித்துப் போன் வந்தது. காற்று வாங்கட்டும் என்று ராணியின் கூட்டைப் பின்வாசலில் திறந்து வைத்திருக்கிறார் டீச்சர். மூன்று வாரத்தில் ஒன்பது குட்டி. ஒன்றின் முதுகிலும் கோடு இல்லை. ஒன்பதும் பின்னால் சாக்கடைக் கானில் ஓடுகிற எலியின் அதே மண் நிறம். அப்பன் யாரென்று அறியக் கொப்பியைப் புரட்டத் தேவையில்லை. நான் முறை என்ன என்று கேட்க வாயெடுத்து, கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன். டீச்சரின் குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"நடந்தது நடந்துபோச்சும்மா. உங்க பையன் இன்னும் தனியாத்தானே இருக்கான்?"

மானமுள்ள மாப்பிள்ளை வீடாக இருந்தால் நாலு நாள் யோசித்துச் சொல்கிறோம் என்றிருப்போம். சாம்பல் வேண்டிய வீடு என்பதால், அந்தக் குட்டிகள் பால் மறந்த மறுநாளே கூடையோடு பஸ் ஏறிவிட்டேன்.